செல்வி விட்ட மீன்கள்

நவம்பர் 14, வெள்ளி இரவு

கல்லூரி வேலை முடிந்து கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக எங்கள் வயல் குட்டைக்குப் போனேன். வளர்ப்பு மீன் விடுவதற்காக ஏரியில் மருந்து கலந்து நாட்டு மீன்களைக் கொன்ற வருடம், நான் குடத்தில் அள்ளி வந்த பனையேறி, அயிரை மீன்கள் அங்கேதான் இருக்கின்றன. பக்கத்து ஏரிகளில் தேடியும் அவை கிடைக்கவில்லை.

தம்பி மனைவி செல்வி காலி பக்கெட்டுடன் கரையில் நின்றிருந்தாள்.

"அண்ணி, உங்க ஸ்கேன் ரிசல்ட் நல்லபடியா வரணும்னா உயிர் மீன் வாங்கித் தண்ணியில விடச் சொன்னாரு ஜோசியரு. ஜிலேபி மீன் வாங்கியாந்து இந்தக் குட்டையில விட்டுட்டேன். எப்படித் துள்ளிக்கினு போச்சு தெரியுங்களா!"

ஜிலேபி பெருகினால் மற்ற மீன்களின் முட்டையைக்கூட விடாது. வலை போட்டாலும் ஒரு ஜோடி தப்பினால் போதும்.

"ஜோசியம்னாலே கிண்டல் பண்ணுவீங்க, இன்னைக்கு என்ன தண்ணியையே பாத்துக்கினு நிக்கிறீங்க?" என்று சிரித்தாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தம்பி சொல்லியிருந்தான். எனக்காகத்தான்.

"திங்கக்கிழமை ரிசல்ட் வாங்க நானும் வர்றேன். நல்ல சேதின்னா இன்னொரு பக்கெட் விடறதா வேண்டிக்கினு இருக்கேன், அண்ணி."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"சரி, வா. இருட்டுது" என்றேன்.

திங்கட்கிழமை எந்தச் செய்தி வர வேண்டும் என்று நினைப்பது, எனக்கு நல்லதா, குட்டைக்கு நல்லதா? இப்படி ஒரு கேள்வி எனக்கு வரலாமா?