குத்துக்கு ஒரு சிலந்தி

நன்னிலம்
13-4-2025

அன்பு மகள் எழில்மொழிக்கு அப்பா பக்கிரி எழுதுவது.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். சிலந்தியைப் பார்த்தால் பயப்படுவது உன் அம்மா இல்லை, நான்தான். இருபது வருஷமாக "ஜெயபாரதிக்கு சிலந்தின்னா ஆகாது, யாராவது எடுத்துப் போடுங்க" என்று ஊரையே நம்பவைத்திருக்கிறேன். அவளும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆறு வயதிலிருந்து நீ, நான் ஓட்டும் டிராக்டரின் சீட்டுக்கு அடியில் டம்ளரைக் கவிழ்த்து சிலந்தி பிடித்து வெளியே விட்டாயே, அதெல்லாம் அம்மாவுக்காக என்று நினைத்திருந்தால் மன்னித்துவிடு.

ஐந்தாம் வகுப்போடு நின்ற கையால் எதற்கு கடுதாசி என்று கேட்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். டீக்கடை வரைக்கும் கேட்கிறது. நேற்று நீ "எம்.சி.ஏ.வா, எம்.எஸ்சி. சேர்ந்து சிலந்தி ஆராய்ச்சியா, நீங்களே சொல்லுங்கப்பா" என்று கேட்டபோது டீக்கடையில் பத்து பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். "உன் இஷ்டம்" என்றேன். அது பொய். என் இஷ்டம் கம்ப்யூட்டர்தான்.

கம்ப்யூட்டர் படித்தால், முடிக்கும் முன்பே கம்பெனிக்காரன் காலேஜுக்கு வந்து வேலை கொடுக்கிறான் என்கிறாய். சிலந்தி படித்தால் யார் வருவார்? சிலந்தியா வரும்? என் முதுகும் முன்னைப்போல் இல்லை. டிராக்டர் முதலாளி ஹாஜா மைதீன் பாயிடம் "பொண்ணு கம்ப்யூட்டர்ல சேருது" என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்த டீயைத் திருப்பிக் கொடுக்க முடியாது. யோசித்து எழுது. பரீட்சை என்று சாப்பிடாமல் இருக்காதே.

இப்படிக்கு,
சிலந்திக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் பயப்படும்
அப்பா

திருச்சி
19-4-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பயப்படுவது எனக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். அம்மா டிராக்டரில் ஏறியதே இல்லையே.

எம்.சி.ஏ.விலேயே சேர்ந்துவிடுகிறேன். மே 20 கடைசி நாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் கோடை நெல்லில் புகையான் பூச்சி இருக்கிறது, மருந்து அடிக்கப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வயலில் குறுக்கே நடந்து பத்து குத்து நெல். ஒவ்வொரு குத்தையும் லேசாகச் சாய்த்துத் தட்டினால் புகையான் தண்ணீரில் விழும், சிலந்தி தண்ணீர் மேலேயே ஓடும். முதுகில் கவட்டைக்குச்சி மாதிரி ஒரு கோடு இருக்கும். அதுதான் ஓநாய்ச் சிலந்தி. வலை கட்டாது. துரத்திப் பிடிக்கும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், குத்திலுள்ள ஒரு தூருக்கு இரண்டு புகையான் வரை பயமில்லை, மருந்து வேண்டாம். அடித்தால் முதலில் சாவது சிலந்திதான். புகையான் பத்து நாளில் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று, தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வாலில் கட்டிய மாதிரி இழுத்துக்கொண்டே வேட்டைக்குப் போகும். பொரித்ததும் குஞ்சு அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். கிட்டப் போய்ப் பார்த்தால் முதுகே அசைகிற மாதிரி இருக்கும். போன மாதம் அப்படி ஒன்றை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், மெஸ்ஸில் சாப்பாடு முடிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
எழில்

நன்னிலம்
4-5-2025

அன்பு மகளுக்கு,

எண்ணியாகிவிட்டது. உன் அம்மா வயலில் இறங்கி எண்ணினாள். நான் வரப்பில் நின்று எழுதினேன். படித்தவன் வேலை அதுதானே.

"இறங்குங்க, அது உங்களைத் தின்னுடாது" என்றாள்.

"தின்னாதுன்னு அதுகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். வாயில வைக்க முடியாதாம், அவ்வளவு கசப்பாம்."

பத்து குத்தில் பதினான்கு சிலந்தி. புகையான் தூருக்கு ஒன்றுகூட முழுசாக வரவில்லை. மருந்து அடிக்கவில்லை. இப்போது கதிர் சாய்ந்திருக்கிறது. கிழக்கு மூலையில் ஒரு கோரைப்பாய் அகலத்துக்குப் புகையானால் காய்ந்துபோயிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது.

அது கிடக்கட்டும். எனக்குப் படிக்கச் சரியாக வராது, அளக்க வரும். உன் கடுதாசியை அளந்தேன். எம்.சி.ஏ.வுக்கு ஒரு விரற்கடை. சிலந்திக்கு ஒரு சாணுக்கு மேலேயே போகிறது. எம்.சி.ஏ. என்று எழுதிய இடத்தில் பல் பிடுங்கப் போகிறவள் கையெழுத்து. சிலந்தி வந்ததும் எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. சிலந்தி படித்து ஐந்து வருஷம் வேலை இல்லாமல் நீ நிற்பாயோ என்று இன்னும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறேன். ஆனால் எழிலு, அது என் பயம். நான் பயந்ததையெல்லாம் ஆறு வயதிலிருந்து நீதான் டம்ளர் வைத்துப் பிடித்து வெளியே விட்டாய். இதையும் உன்னையே பிடிக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை நானே வைத்துக்கொள்கிறேன். நீ கணக்குப் பார்க்கும்போது என் முதுகைச் சேர்க்காதே. அது ஹாஜா பாய் வண்டியில் போனது, உன் படிப்பால் இல்லை.

பாயிடமும் போய்ச் சொன்னேன், பொண்ணு ஒருவேளை கம்ப்யூட்டர் படிக்காது என்று. "அந்த டீ பொண்ணுக்கு வாங்கினதுய்யா, கம்ப்யூட்டருக்கா வாங்கினேன்?" என்றார். இன்னொரு டீயும் வாங்கிக் கொடுத்தார். ஆக, எனக்கு நஷ்டமில்லை.

மெஸ் விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. கடுதாசியை அவளே படித்துவிட்டாள்.

அப்பா

திருச்சி
22-5-2025

அப்பாவுக்கு,

எம்.சி.ஏ.வுக்குக் கடைசி நாள் முந்தாநாளோடு போய்விட்டது. நான் சேரவில்லை. கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. இடத்தை உறுதி செய்துவிட்டேன்.

தைரியமாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அன்று சாயங்காலம் வரை போனில் எம்.சி.ஏ. விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் பயம் உங்களிடம் இருக்கட்டும், எனக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. முடித்ததும் பி.எட். படித்தால் பள்ளிக்கூட வேலைக்காவது போகலாம் என்று வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தையும் அளந்தேன். எனக்கு எழுதினதில் இதுதான் நீளம்.

ப்ராஜெக்ட் வேலை பாக்கி. ஜூன் 20-ம் தேதி ஊருக்கு வருகிறேன். கோயம்புத்தூருக்கு நம் வயல் சிலந்தி ஒன்றை எடுத்துப்போக ஆசை. நான் வந்து பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் தயவுசெய்து கிட்டப் போகாதீர்கள்.

எழில்

நன்னிலம்
16-6-2025

அன்பு மகள் எழிலுக்கு,

நீ சேர்ந்ததில் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். தெருவில் யார் கேட்டாலும் "சிலந்தி படிக்கிறா" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள். எனக்குப் பயம் அப்படியேதான் இருக்கிறது, சாப்பாடு மட்டும் இறங்குகிறது.

கிட்டப் போகாதீர்கள் என்று நீ எழுதியதைப் படித்தேன். இன்று காலை குறுவை நாற்றங்காலில் நானே ஒன்றைப் பிடித்தேன். முதுகில் கவட்டைக்குச்சிக் கோடு, நீ சொன்ன மாதிரியே. உன் பழைய டம்ளர்தான். மேலே செய்தித்தாளை மூடி நூல் கட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டியதால் கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். டம்ளரைத் தொடை நடுவில் வைத்துக்கொண்டு பாய் டிராக்டரில் வீட்டுக்குக் கிளம்பினேன். மதகு பக்கம் வந்தபோது பார்த்தால், டம்ளரில் சிலந்தி இல்லை. என் முழங்கையில் இருந்தது. நான் இறங்கிவிட்டேன். வண்டி நிற்கவில்லை.

மேட்டூர்த் தண்ணீர் நம் பக்கம் இன்னும் வரவில்லை. அதனால் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கிறது. டிராக்டர் அதில் இருக்கிறது. பாய் கயிறு எடுக்கப் போயிருக்கிறார். சிலந்திக்கு அடி எதுவும் இல்லை, சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

வரும்போது மூடி உள்ள டப்பா கொண்டு வா.

அப்பா
பக்கிரி