பொட்டலில் விழுந்த விமானம்

ராஜபாளையம்
14.6.1992

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

உன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பெட்டியில் இருந்த பாகங்களை வைத்து ஆறு மாதமாக நீ ஒட்டிச் செய்த ரேடியோ விமானத்தை நேற்று செட்டியார்பட்டிப் பொட்டலில் பறக்கவிட்டேன். "ஏலே, இத யாரு செஞ்சது?" என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டாளி ஐயாதுரை கேட்டான். "நாந்தாம்ல" என்றேன்.

மூன்று சுற்று பிசகில்லாமல் பறந்தது. நீ செய்தது அப்படிப் பறந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ரிமோட் குச்சியை முன்னால் தள்ளி, மூக்கைத் தரையில் குத்தவிட்டேன். "என்னலே ஆச்சு?" என்று ஓடிவந்தான். "இறக்கைய மட்டும் எம் பொண்டாட்டி ஒட்டுனா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் உன் மாவுக்கட்டை எப்போது பிரிக்கிறார்கள்? பிரித்ததும் பஸ் ஏறி வந்துவிடு. இனி அந்தக் கைக்கு அடுப்பு வேலை மட்டும்தான்.

கை எப்படி ஒடிந்தது என்று உன் அம்மா மறுபடி கேட்டால், கிணற்றடியில் வழுக்கியதாகவே சொல்.

இப்படிக்கு,
உன் கணவன்