மெர்லினின் ஒரு வாக்கு

சனி இரவு, ஓல்டன், சுவிட்சர்லாந்து.

மெர்லினின் தம்பி தேர்தலில் தோற்றுவிட்டான். ஒரேயொரு வாக்கால்.

மெர்லின் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்பவள். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவுதான் அவளது ஊர். வெளிநாட்டில் இருப்பவர்களை வாக்குப் போடக் கட்சியே விமானத்தில் கூட்டிப்போகுமாம். போவதற்காக என்னிடம் வேலைநாளை மாற்றித் தரக் கேட்டாள். "ஒரு வாக்குக்கோ அவ்வளவு தூரம்?" என்று சிரித்து மறுத்துவிட்டேன்.

இன்று தேநீர் நேரத்தில், "நான் போயிருந்தாலும் சமன்தான் வந்திருக்கும்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, எதிராகப் போட்டவர்களைப் பெயர் சொல்லித் திட்டினாள். தையற்காரி, மீன் விற்பவன், சொந்தப் பெரியம்மா. எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கிறாள்.

மனைவியிடம் சொன்னேன். "மாத்திக் குடுத்திருக்கலாம்தானே. ஏன் மாட்டன் எண்டனீங்கள்?" என்று கேட்டாள்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்துவந்து, மூன்று வாரமாகப் பிரிக்காமல் கிடந்த நகரசபைத் தேர்தலின் தபால்வாக்கு உறையைப் பிரித்தேன். நாளை மதியம்வரை நகரசபைப் பெட்டியில் போடலாம். குடியுரிமை கிடைத்து ஒன்பது வருடத்தில் ஒருமுறையும் நான் போட்டதில்லை. வாக்காளர் அட்டையில் கையெழுத்து வைத்துவிட்டேன். வேட்பாளர் பட்டியலை இரண்டு தரம் வாசித்தும் ஆயிற்று. அதில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.