ஓடிக் காட்டச் சொன்னாய்

வட்டுக்கோட்டை,
09.06.2025

அன்பு மகன் நிர்மலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

ஆண்டவரின் தயவால் நானும் உன் லவீனா மாமியும் இங்கே சுகம். இதற்கு அடுத்த வரியில் அங்கே நீங்களும் சுகமாயிருப்பீர்கள் என்று எழுதுவதுதான் வழக்கம், முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்தவளுக்கு அந்த வரியைக் கை தானாகவே எழுதிவிடும், ஆனால் இந்த முறை எழுத மனம் வரவில்லை. நீ சுகமாக இல்லை ராசா. உனக்குப் பிரஷர் இருக்கிறது, கொலஸ்ரோல் இருக்கிறது, நிறையைக் குறைத்து ஓடவோ நடக்கவோ தொடங்காவிட்டால் உன் இதயம் நெடுநாள் தாங்காது என்று பெர்கனில் உன் டொக்டர் சொல்லிவிட்டார், இதெல்லாம் எனக்குத் தை மாதமே தெரியும். சொன்னது நிஷானிதான். அவளை ஏசாதே, ஏசினால் நான் உன்னை ஏசுவேன். முப்பத்தாறு வயதில் இரண்டு குளிசை போடும் புருஷனைப் பற்றி அவள் என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லுவாள்.

போனில் கதைத்திருக்கலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் உன் உடம்பைப் பற்றி நான் வாய் திறந்தால் நீ போனை அபிகாயிலின் முகத்துக்கு நேரே திருப்பிவிடுகிறாய், பிள்ளை அப்பம்மா என்று கூப்பிட்டதும் நானும் எடுத்த கதையை விட்டுவிடுகிறேன். என் பலவீனம் உனக்கு நன்றாகத் தெரியும். கடிதத்தை அப்படித் திருப்ப முடியாது, முழுவதையும் வாசித்தே ஆக வேண்டும். பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறேன், கிடைக்கவில்லை என்று கதை விடாதே.

தை மாதம் நான் விடாமல் நச்சரித்தபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகமிருக்கிறதா. அம்மா நீங்கள் முதல்லை ஓடிக் காட்டுங்கோ, அடுத்த நாளே நான் ஓடுறன் என்றாய். பக்கத்தில் நின்ற நிஷானி சிரித்தாள், பிள்ளையும் என்னவென்று தெரியாமல் சிரித்தது. அறுபத்திமூன்று வயதுக் கிழவி எங்கே ஓடப்போகிறாள் என்ற துணிவில்தானே சொன்னாய். சரி, நான் ஓடத் தொடங்கி இன்றைக்குப் பதினாறு கிழமை ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நிஷானியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், அவளும் காப்பாற்றிவிட்டாள், நல்ல பிள்ளை.

சப்பாத்து வாங்க யாழ்ப்பாணம் போனேன். கடைக்காரர் மகனுக்கோ மகளுக்கோ என்று கேட்டார், எனக்குத்தான் என்றேன், அவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு நல்ல மரியாதையாகக் கதிரை எடுத்துப் போட்டார். அடுத்த நாள் விடிய, பழைய பஞ்சாபிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து ஒரே ஓட்டமாக ஓடினேன். என்ன நினைத்து அப்படி ஓடினேனோ தெரியாது, இரண்டாவது லைற் போஸ்ற் வரவில்லை, விலாவில் குத்தத் தொடங்கி, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் நாள் இரவு இடியப்பத்தோடு இரண்டு மாம்பழம் சாப்பிட்டதும் பிழை என்று நினைக்கிறேன். இரண்டு நாட்கள் படியிறங்க முடியவில்லை, கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. உன் மாமி கட்டிலில் இருந்தபடியே, மகனிட்டை நோர்வேக்கு ஓடியே போகப் பாத்தியோ என்று கேட்டா.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக் கீர்த்திகா. உனக்கு அவளைச் சின்னப் பிள்ளையாகத்தான் தெரியும், இப்போது பள்ளிக்கூடமொன்றில் விளையாட்டு ரீச்சர். நான் நொண்டுவதைக் கண்டு விசாரித்துவிட்டு, அன்ரி, ஒரு போஸ்ற் ஓடுங்கோ, ரெண்டு போஸ்ற் நடவுங்கோ, கதைக்கக்கூடிய வேகத்திலை ஓடுங்கோ, கதைக்க ஏலாமல் போனால் அது கூடின வேகம் என்றாள். தனியே ஓடும்போது யாரோடு கதைப்பது. வாய்க்கு வந்த தபால் கந்தோர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு ஓடினேன், சித்தங்கேணி, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய் என்று. மானிப்பாய்க்குள் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைப்பேன். ஒரு நாள் ஓடினால் அடுத்த நாள் ஓய்வு என்பதும் அவள் போட்ட சட்டம், ஓய்வு நாளில்தான் உடம்பு பழகுதாம். ஒவ்வொரு கிழமையும் ஓடுகிற போஸ்ற் ஒன்றிரண்டு கூடும், நடக்கிற போஸ்ற் குறையும். நாய்களுக்கு மட்டும் அவளிடம் மருந்து இல்லை. சந்தியடியில் நிற்கும் கறுவல் நாய் என்னைக் கண்டாலே துரத்தும், நான் நின்றால் அதுவும் நின்றுவிடும், ஓடினால் ஓடும், இப்போது அது துரத்துகிறதா கூட ஓடுகிறதா என்று எனக்கே விளங்கவில்லை.

மூன்றாம் கிழமை நடந்ததை எழுதினால் நீ நம்பமாட்டாய். அன்று தேவாலயம் வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று வெளிக்கிட்டேன். விடிய ஐந்தரை மணியிருக்கும், வெளிச்சம் சரியாக வரவில்லை. கொண்டை அவிழ்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கிழவி தேவாலயத்தை நோக்கி ஓடி வந்தால் எங்கள் ஊரில் யார் உடற்பயிற்சி என்று நினைப்பார்கள். வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் மணியடிக்கச் சொல்லி முதலில் அங்கேதானே ஆள் ஓடும். உன் மாமி வேறு அதற்கு முதல் பத்து நாட்கள் காய்ச்சலில் கிடந்து, போதகர் இரண்டு தரம் வந்து ஜெபித்துவிட்டுப் போயிருந்தார். மணியடிக்கும் சீவரத்தினம் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் ஒரு சொல் கேட்காமல் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மணிக்கயிற்றுக்குப் போய்விட்டார். நான் இதொன்றும் தெரியாமல் கேற்றடியில் திரும்பி வீட்டை நோக்கி ஓடுகிறேன், பின்னால் சாவு மணி ஒவ்வொன்றாக விட்டு விட்டுக் கேட்கிறது. ஐயோ பாவம், யாரோ போய்விட்டார்கள், குளித்துச் சீலை மாற்றிக்கொண்டு செத்த வீட்டுக்குப் போக வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் விரைவாக ஓடினேன்.

நான் ஓடியும் நடந்தும் வந்து பார்த்தால் செத்த வீடு எங்கள் வீடுதான், யார் வீட்டு மணி என்று சீவரத்தினம் அதற்குள் ஊருக்குச் சொல்லிவிட்டார். படலை திறந்திருக்கிறது, முற்றத்தில் எட்டுப் பத்துக் கதிரை வந்திறங்கிவிட்டது, அறைக்குள் நாலு பெண்கள் அழுதபடி நிற்கிறார்கள், உன் மாமி கட்டிலில் எழும்பியிருந்து, ஆர் மோனை செத்தது, ஒருத்தரும் சொல்லுறியள் இல்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறா. கடைசியில் ஒருத்தி தாங்க முடியாமல், நீங்கள்தான் அன்ரி என்று சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் போதகரும் அங்கியோடு வந்து சேர்ந்தார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மாமிக்கோ அப்படியொரு சந்தோஷம். நல்லதாப் போச்சு, ஆர் வருவினம் ஆர் வரமாட்டினம் எண்டு உயிரோடை பாத்திட்டன் என்று சொல்லி, வந்த எல்லோருக்கும் தேத்தண்ணி போட என்னை அனுப்பினா. வராதவர்களின் பெயர்களை இன்றைக்கும் சொல்லுவா, கேட்டுவிடாதே.

வெட்கத்தில் ஒரு கிழமை நான் படலையைத் தாண்டவில்லை. இத்தோடு போதும், மகனுக்குத் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மாமிதான் விடவில்லை, மணியும் அடிச்சாச்சு, இனி ஆருக்குப் பயப்பிடுறாய், போய் ஓடு என்று கலைத்தா. இப்போது சீவரத்தினம் என்னைத் தூரத்தில் கண்டாலே, ஐரிஸக்கா, வீட்டிலை எல்லாரும் சுகமோ என்று கத்திக் கேட்டு, நான் ஓம் என்று கை காட்டிய பிறகுதான் தன் வேலையைப் பார்க்கிறார். மாமிக்கு ஆடியில் கண் ஒப்பரேஷன் வைத்திருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, பின்வளவுக் கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது, உன் பங்கை அணில் சாப்பிடுகிறது.

இனி எழுதப்போவது நான் உனக்குச் சொல்லாத ஒன்று. உன் அப்பா போன நாளைப் பற்றி நீ கேட்டபோதெல்லாம், கஷ்டப்படவில்லை, அமைதியாகப் போனார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீ அடக்கத்துக்கு வந்து பெட்டியடியில் நின்ற கோலத்தைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்ல எனக்குத் தைரியம் வரும். அன்று பின்னேரம் நாலு மணியிருக்கும், நெஞ்சு இறுக்குது என்றார். நான் பதறினேன், அவர் எனக்கு ஒண்டுமில்லை, வாய்வு என்றார். நீ நிஷானிக்குச் சொல்லும் அதே எனக்கு ஒண்டுமில்லைதான். ஓமத்தண்ணி கொடுத்தேன். பிறகு வியர்க்கத் தொடங்கியது. வான் வைத்திருக்கும் சிமியோனுக்குப் போன் எடுத்தேன், பதில் இல்லை, அக்கம்பக்கத்திலும் அந்த நேரம் வாகனம் இல்லை, அதனால் நான் ஓடினேன். எங்கள் படலையிலிருந்து சிமியோன் வீட்டுக்குப் பத்தொன்பது லைற் போஸ்ற், இப்போதுதான் எண்ணினேன். அன்று சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியபோது அதற்குள் மூன்று தரம் நின்றேன். மூன்றாம் தரம் மதகில் உட்கார்ந்தே விட்டேன், எழும்பக் கால் வரவில்லை. வீட்டில் என் மனுஷன் தனியே கிடக்கிறார், நான் மதகில் இருந்து மூச்சு வாங்குகிறேன். சிமியோனின் வானில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கப் பயம். பதின்மூன்று வருடமாக அந்த மூன்று தரத்தையும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை நிர்மலன். உன் மாமிக்கும் தெரியாது, அப்பா அவவின் தம்பியல்லவா.

ஓடிக் காட்டுங்கோ என்று நீ பகிடியாகச் சொன்னாய், நான் பகிடியாக எடுக்காததற்குக் காரணம் அதுதான்.

போன புதன்கிழமை அந்தப் பத்தொன்பது போஸ்ற்றையும் நான் நிற்காமல் ஓடினேன். விரைவாக இல்லை, சைக்கிளில் பால் கொண்டு போனவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கடந்து போனார், ஆனால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, மதகைப் பார்க்கவும் இல்லை. சிமியோன் வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிமியோனின் மனைவி மரியநாயகி ஓடி வந்து, ஐரிஸக்கா, ஆருக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்கு மூச்சு வந்து வாய் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் சிமியோன் சாரத்தோடு வான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, சாவியை வையுங்கோ என்று சொன்னேன், சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர்களுடைய முற்றத்தில் இருந்து நன்றாக அழுதேன். மரியநாயகி பிளேன்ரி கொண்டு வந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

ஆகவே நான் ஓடிக் காட்டிவிட்டேன். இனி உன் முறை. முதலில் டொக்டரிடம் போய், எவ்வளவு செய்யலாம் என்று கேள், கேட்காமல் ஒரு அடி வைக்காதே. நீ வாங்கிய சப்பாத்து பெட்டியிலேயே கிடக்கிறதாம், அதை எடு. கையில் கட்டும் மணிக்கூடு எத்தனை அடி என்று சொல்லுமாம், நல்லது, ஆனால் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தால் அது என்ன செய்யும். என்னைப்போல் முதல் நாளே பறக்காதே, ஒரு போஸ்ற் ஓடு, இரண்டு போஸ்ற் நட. பெர்கனில் எப்போதும் மழை என்பாய், இங்கே கச்சான் காற்றில் கண்ணுக்குள் மண் விழ விழ ஓடுகிறேன், நீ ஒரு ஜக்கெற்றைப் போடு. ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தால், உன் அம்மாவுக்கு மணியே அடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள். குளிசையை நிறுத்தாதே. இரவில் சோறு வேண்டாம். நீ இளைத்தால் எனக்குப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், பிள்ளை வாடிப்போனான் என்று அழுவேன், அதைக் கணக்கில் எடுக்காதே.

உன்னையும் நிஷானியையும் என் குஞ்சு அபிகாயிலையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. மாமியும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னா, தான் உண்மையாகச் சாகும்போது நீ கட்டாயம் வர வேண்டுமாம், வரவில்லையென்றால் உன் பெயரும் பட்டியலில் சேருமாம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. கடிதம் கிடைத்ததும் நிஷானி எனக்கு அறிவிப்பாள். டொக்டர் சரி என்று சொன்ன பிறகு வரும் முதல் சனிக்கிழமை, உங்கள் நேரம் காலை ஏழு மணிக்கு நான் போன் எடுப்பேன். அதற்குள் நீ ஓடிவிட்டு வெளியே ரோட்டில் நிற்க வேண்டும். எடுத்ததும் ஹலோ சொல்லாதே, சுகமோ என்று கேட்காதே, பிள்ளையிடம் கொடுக்காதே. போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நன்றாக மூச்சு வாங்கு. நான் ஒன்றும் கதைக்கமாட்டேன், அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்றும் உன் அன்பு அம்மா,
ஐரிஸ் கிருபைரட்ணம்