மீன்காரன் ஒருத்தன் விழுந்திட்டான்

வவுனியா
14.07.2005

அன்பு மகன் முன்ஸிருக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் தங்கச்சி றிஸ்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். உன் றாத்தா றிம்ஸியா எப்படி இருக்கிறாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும், அவளுடைய மாப்பிள்ளை இன்சாப் கட்டிலில் கிடக்கிறார். எல்லோரும் சுகம் என்று வழக்கமாக எழுதும் வரியை இந்த முறை எழுதக் கை வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். உன்னோடு வேலை செய்யும் பொடியன் கொண்டுவந்து தந்த பேரீச்சம்பழமும் தைலமும் கிடைத்தன. தைலத்தை மச்சானின் காலில் பூசச் சொல்லியிருந்தாய். பூசுவதற்கு இடம் வேண்டுமே மகன், தொடையிலிருந்து கணுக்கால் வரை தையலும் கம்பியுமாக இருக்கிறது. தைலம் அலுமாரிக்குள் இருக்கிறது. பழத்தை வாப்பா சாப்பிடுகிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நீ கொமினிகேஷன் கடைக்குக் கோல் எடுத்தபோது நான் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றது உனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். கடை வாங்கில் குந்தித் தங்கள் கோலுக்காகக் காத்திருந்தவர்களின் காதெல்லாம் என் பக்கம்தான் இருந்தது, அதற்குள் நின்று நான் எதைக் கதைப்பது. அதனால்தான் இப்போது ஆறுதலாகக் கதிரையில் இருந்து எழுதுகிறேன், நீயும் இருந்து படி. அன்றைக்கு நீ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "உம்மா, மாடு ஒண்டு குறுக்கால வந்தது எண்டு மச்சான் பொலிஸில ஒரு சொல் சொன்னாப் போதும், எல்லாம் முடிஞ்சிடும், ஹில்மி பாவம், றிஸ்பாவின்ர வாழ்க்கையையும் பாருங்கோ" என்றாய். ஹில்மி வாப்பாவின் தங்கச்சி மகன் என்பதும், றிஸ்பாவுக்குப் பேசி வைத்திருப்பவன் என்பதும், அவனுடைய வான்தான் இன்சாபின் மோட்டார் சைக்கிளை அடித்தது என்பதும் எனக்குத் தெரியும். மாடுதான் எனக்குப் புதிது. இன்சாப் நினைவில்லாமல் ஆசுபத்திரியில் கிடந்த நேரம் ஹில்மி பொலிஸுக்குப் போய் மாட்டுக்கு விலத்தத்தான் வானைத் திருப்பினேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். இனி இன்சாப் தன் வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டும். அவரும் மாடு என்றால் கதை முடிந்தது, இல்லை என்றால் வழக்கு. வேறு கண் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை, செட்டிகுளத்துக்குக் கலியாண வீட்டு ஆட்களை ஹயருக்கு ஏற்றப் போன ஹில்மி வானில் தனியாகத்தான் இருந்தான்.

நான் வீட்டுக்கு வந்து, நீ சொன்னதை இன்சாபிடம் அப்படியே சொன்னேன். நீ சொன்னாய் என்றால் அவர் கேட்பார் என்று எனக்கு ஒரு எண்ணம்.  அவர், "மாமி, மாடு வரேல்ல, முன்ஸிர்தான் வந்தவன்" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஊசி மருந்தில் பிதற்றுகிறாராக்கும் என்று றிம்ஸியாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முதலே தெரியுமாம். புருஷனும் பெண்சாதியுமாக எனக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள், என் மகனுடைய பெயர் அதற்குள் இருப்பதால்.

நடந்ததைச் சொல்கிறேன் கேள். மச்சானின் தொழில் உனக்குத் தெரியும், சுபஹ் தொழுத கையோடு மன்னார்ப் பக்கம் போய், பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸ் போட்டு மீன் ஏற்றிக்கொண்டு, பூவரசங்குளத்தில் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினால் நெளுக்குளம் வரும்போது பெட்டியில் பாதி குறைந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் பூவரசங்குளத்தில் விற்றுவிட்டு வந்திருக்கிறார். நெளுக்குளத்துக்கு இங்கால் மதகு தாண்டி நிற்கும் புளியமரத்தடிக்குக் கிட்ட வரும்போது எதிரே வந்த ஹில்மியின் வான், தன் பக்கத்தை விட்டு வீதியைக் குறுக்கறுத்து இவருடைய பக்கத்துக்கு வந்திருக்கிறது. வேகம் குறைக்கவும் இல்லை, சிக்னல் போடவும் இல்லை. ஹில்மியின் தலை தோளில் சாய்ந்து, போன் காதில் இருந்தது, அவனுடைய கண் மரத்தில் இருந்தது என்கிறார் இன்சாப். இவர் ஹோர்னை விடாமல் அழுத்திக்கொண்டு கரைக்கு இறக்கப் பார்த்திருக்கிறார், அதற்குள் வலது காலை வான் கவ்விவிட்டது. விழுந்து கிடந்தவருக்கு அப்போது நினைவு இருந்தது. ஹில்மி கதவைத் திறந்து இறங்கினான், போன் இன்னும் காதிலேயே இருந்தது. "முன்ஸிர் மச்சான், வையுங்கோ, பிறகு எடுங்கோ, மீன்காரன் ஒருத்தன் விழுந்திட்டான்" என்றானாம்.

தலையில் ஹெல்மெட் இருந்ததால் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் யா அல்லாஹ் என்று தலையில் அடித்துக்கொண்டு குழறினான். அவன்தான் தன் வானில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினான், இரத்தத்தோடு இரத்தமாக வாசலில் நின்றான், அதை நான் மறுக்க மாட்டேன். பூவரசங்குளத்துக் கமலாசனி, எப்போதும் இன்சாபிடம் மீன் வாங்குகிறவர், பஸ்ஸில் அந்த வழியால் வந்து இறங்கினாராம். போன கிழமை முருங்கையிலையும் முட்டையும் கொண்டு பார்க்க வந்தவர் சொல்லி அழுதார், கூடிய சனத்தில் பாதிப் பேர் வீதியில் சிதறிய மீனைப் பொறுக்கிக்கொண்டு நின்றார்களாம். "முதல்ல ஆளைத் தூக்குங்கோடா, மீனை இவர் எழும்பி வந்து தருவார்" என்று கத்தினாராம் அவர். இன்சாபை இங்கே ஆசுபத்திரியில் கிடத்திப் பார்த்து, அனுராதபுரத்துக்கு ஏற்றி, கம்பி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். முழங்கால் இனி மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கிக்கர் உதைக்கும் கால் அதுதான் மகன்.

அந்தப் புளியடியை உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போன முறை லீவில் வந்து நின்றபோது அந்த வீதி முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரிந்து, இந்த மரத்துக்குக் கீழேதான் லைன் தெளிவாக இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நீ. ஹில்மிக்குப் போன் கொடுத்ததும் நீ. அதற்குப் பிறகு ஊரில் போன் வைத்திருக்கிற பொடியள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். வெளிநாட்டுக் கோல் என்றால் எங்கள் சனத்துக்கு அடுப்பில் சோறு கருகினாலும் பரவாயில்லை, நானும்தான் உலையை அப்படியே விட்டுவிட்டுக் கொமினிகேஷன் கடைக்கு ஓடியிருக்கிறேன். ஆனால் நான் ஓடியது காலால், வானால் அல்ல. றிஸ்பா சும்மா இருக்கவில்லை, ஹில்மியை முன் விறாந்தையில் இருத்தி வைத்து வாப்பாவுக்கு முன்னாலேயே கேட்டாள். அவன் முதலில் மாடு, மாடு என்றான். பிறகு உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னான். நீ அவனுக்கு அனுப்பப்போகும் புதுப் போனுக்குக் கறுப்பு நிறமா வெள்ளி நிறமா வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாயாம். ஓடிக்கொண்டிருக்கிறன் மச்சான், லைன் வெட்டுது என்று அவன் சொன்னானாம். "வையாத, கோல் காட் முடியப் போகுது, வானைப் புளியடிக்கு எடு, அங்க கிளியரா இருக்கும்" என்று நீ சொன்னாயாம். நீ எடு என்றாய், அவன் எடுத்தான். கறுப்பா வெள்ளியா என்று முடிவாகிவிட்டதா என்று நான் அவனிடம் கேட்டேன். 

இதில் எனக்கு வயிறு எரிவது எங்கே என்று சொல்கிறேன். மச்சான் அடிபட்ட அன்றைக்குப் பின்னேரம் நீ கடைக்கு எடுத்து விக்கி விக்கி அழுதாய். ஹில்மி சொல்லித்தான் தெரியும் என்றாய். என் பிள்ளை எவ்வளவு பாசமாக இருக்கிறான் என்று நான் அதைக் கேட்டு அழுதேன். காலையிலேயே ஒரு மனுஷன் வீதியில் விழுந்த செய்தி உன் காதுக்கு வந்துவிட்டது, எனக்கும் றிம்ஸியாவுக்கும் முதல் உனக்குத்தான் வந்தது. நீ போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனாய். வண்டி ஓடும்போது போனைத் தொட்டால் கம்பனி தண்டம் அடிக்கும், அதனால் தொடவே மாட்டேன் என்று பெருமையாக எனக்குச் சொன்னவன் நீ. அங்கே நீ ஓட்டும் வண்டிக்கு ஒரு சட்டம், இங்கே ஹில்மியின் வானுக்கு ஒரு சட்டமா?

வாப்பாவைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தங்கச்சி வீட்டுக்கும் இங்கேயுமாக நடந்து செருப்பைத் தேய்க்கிறார். அங்கே போனால் அவர்களுடைய கதை சரி, இங்கே வந்தால் இன்சாபின் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அங்கே போகிறார். உன் மாமி, ஹில்மியின் உம்மா, வந்து அல்லாஹ்வின் நாட்டம் என்றார். நாட்டம் அல்லாஹ்வுடையது மதினி, போனைப் பிடித்த கை ஆருடையது என்று கேட்டேன், அன்றைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்தும் இரண்டு பெரியவர்கள் வந்து, குடும்பத்துக்குள் சமாதானமாகப் போங்கோ, செலவை அவர்கள் பார்ப்பார்கள் என்றார்கள். இன்சாப் மரியாதையாகத்தான் பதில் சொன்னார், "சமாதானத்துக்கு வாறன் ஹாஜியார், பொய்க்கு வரமாட்டன்" என்று. முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்டு உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போய், அகதிக் கொட்டிலில் வளர்ந்து, திரும்பி வந்து ஒரு மோட்டார் சைக்கிளையும் ஒரு பெட்டியையும் நம்பித் தலை நிமிர்ந்த மனுஷன். அந்த மோட்டார் சைக்கிள் பொலிஸ் வளவுக்குள் வெயிலில் கிடக்கிறது, பெட்டியை நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். இப்போது றிம்ஸியா அவரைக் கைத்தாங்கலாகக் குசினிக்குப் பின்னால் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, அதற்கு அவர் படுகிற வெட்கத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

றிஸ்பாவின் வாழ்க்கையைப் பார்க்கச் சொன்னாய் அல்லவா, அவள் சொன்னதையும் கேள். "உண்மையைப் பொலிஸில சொல்லிப்போட்டு வாங்கோ, அதுக்குப் பிறகு நிக்காஹ்வைப் பற்றிக் கதைப்பம்" என்று ஹில்மிக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவன் இன்னும் போகவில்லை. உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், முன்ஸிர் மச்சான் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்கிறேன் என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறான். இன்சாபோ, "மாமி, வான்காரன் போன் கதைச்சவன் எண்டு மட்டும் சொல்லுவன், ஆரோட எண்டு கேட்டால் தெரியாது எண்டுவன், உங்கட மகன்ர பெயர் என்ர வாயால வராது" என்கிறார். உன் பெயரை விட்டுவிட்டுச் சொன்னால் அவருடைய சொல்லுக்கு என்ன பலம் இருக்கும்? ஹில்மி மாடு என்பான், இவர் போன் என்பார், கேட்கிறவன் சிரிப்பான். உன்னைக் காப்பாற்றுவதற்காக அந்த மனுஷன் தன் காலை இரண்டாம் முறையும் இழக்கப் போகிறார். அப்படி ஒரு காவல் உனக்கு வேண்டுமா என்று நீயே யோசி.

நான் கேட்பது காசும் அல்ல, அழுகையும் அல்ல. அன்றைக்குக் காலையில் நீ ஹில்மியோடு கதைத்ததையும், புளியடிக்கு எடு என்று சொன்னதையும், அவன் கடைசியாகச் சொன்ன சொல்லையும் உன் கையால் எழுதி, கையெழுத்து வைத்து எனக்கு அனுப்பு. சாட்சியை மறைக்கக் கூடாது என்று சின்ன வயதில் மதுரஸாவில் படித்தவன்தானே நீ. உன்னைப் பொலிஸ் பிடிக்குமோ, வேலை போய்விடுமோ என்று வாப்பா பயப்படுகிறார். பயம் எனக்கும் இருக்கிறது, பெற்றவள் நான். ஆனால் ஒன்றை மட்டும் இரவு பகலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். விழுந்தவர் உன் மச்சான் என்பது உனக்குத் தெரியாது, அதை நான் நம்புகிறேன். விழுந்தவன் வேறு யாரோ ஒரு மீன்காரனாக இருந்திருந்தால், வேறு யாரோ ஒரு தாயின் மருமகனாக இருந்திருந்தால், இந்த விஷயம் உன் வாயிலிருந்து என்றைக்காவது வெளியே வந்திருக்குமா? அந்தக் கேள்விக்கும் கடிதத்தில் பதில் எழுது.

வெயிலில் கவனமாக இரு, தண்ணீர் நிறையக் குடி, பஜ்ர் தொழுகையை விடாதே. உடம்புக்கு முடியாவிட்டால் லீவு எடு, காசு பிறகு உழைக்கலாம். கொமினிகேஷன் கடைக்கு இனி எடுக்காதே, கடைக்காரப் பொடியன் வந்து கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன், உன் கடிதம் வரும்வரைக்கும்தான். அல்லாஹ் உன் கையையும் நாவையும் நேராக வைப்பானாக, உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தருவானாக, என் துஆவில் உன் பெயர் இல்லாத தொழுகை வக்து ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகன். இனி யாருக்குக் கோல் எடுத்தாலும், சலாம் சொல்ல முதல், நிற்கிறாயா ஓடுகிறாயா என்று கேள். ஓடுகிறேன் என்றால் ஒன்றும் பேசாமல் வைத்துவிடு.

இப்படிக்கு,
உன் உம்மா,
ஜவாஹிர் ஜெமீலா