தண்ணீரை அரைக்கச் சொன்ன சட்டம்

2024, ஜூன் 11

தில்லியிலிருந்து சட்ட வரைவு வந்துவிட்டது. ஃப்ரிஜ், ஏசி மாதிரி வெட் கிரைண்டருக்கும் மின்சிக்கன நட்சத்திர முத்திரை கட்டாயமாகப் போகிறது. புனேயில் சாதனங்களைச் சோதிக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு நல்ல செய்தி. எனக்கும் சந்தோஷம்தான், சோதனை முறையைப் படிக்கும்வரை. கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளக்கவேண்டுமாம். வெறும் தண்ணீர்! இதை எழுதின மகானுபாவர் ஜென்மத்தில் ஒருநாளாவது மாவு அரைத்திருப்பாரா?

கருத்துச் சொல்ல ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. சொல்கிறேன், சொல்கிறேன்.

ஜூன் 13

ஆகுர்டியில் பட்டறை வைத்து கிரைண்டர் செய்யும் ஜெகதீசன் வந்தார். கோயமுத்தூர்க்காரர். தண்ணீரில் ஓட்டினால், சுற்றவே அதிக மின்சாரம் இழுக்கும் அவருடைய கனமான கல்லுக்கு ஒற்றை நட்சத்திரம். உளுந்தைப் போட்டதும் முக்கி முனகுகிற நோஞ்சான் மெஷினுக்கு ஐந்து!

"தண்ணியை அரைச்சு யாருங்க மேடம் இட்லி சுடறாங்க? ஒத்த ஸ்டாரை ஒட்டிக்கிட்டுப் போனா எந்தக் கடைக்காரன் வாங்குவான்? பட்டறையைச் சாத்த வேண்டியதுதானுங்க."

ஆட்சேபணை எழுதுகிறேன் என்றேன். எழுதாமல் விடுவேனா?

ஜூன் 30

ஆட்சேபணைக்காக ஆய்வகத்தில் தினமும் மாவரைப்பு. அரைத்த மாவெல்லாம் வீட்டுக்கு. எங்கள் கோந்த்வா கட்டடத்தில் மராத்திக் குடும்பங்கள்கூட தோசைக்கு மாறியாயிற்று. என் கணவர் ஸ்ரீவத்சன் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் இட்லியா? உன் சட்டம் எப்போடி பாஸாகும்?" என்கிறார்.

ஜூலை 18

மானம் போயிற்று.

வரைவைப் பரிசீலிக்கும் தொழில்நுட்பக் குழுவின் கூட்டம் இங்கேயே, புனே கேம்ப் பகுதியில். அவர்கள் முன்னால் உளுந்தை அரைத்துக் காட்டினேன். காலையில் மின்சாரக் கணக்கில் ஒரு எண் வந்தது. மதியம் அதே மெஷினில் வேறு எண்! குழுத் தலைவர் நிதானமாகக் கேட்டார்: "போதும், அரைந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?" மாவை விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினேன்.

"மேடம், உங்கள் விரலைச் சட்டத்தில் எந்தப் பிரிவில் போடுவது?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு வேணும், நல்லா வேணும்! பெரிசா கிழிக்கப் போறேன்னு கிளம்பினேனே!

ஜூலை 19

கோபம் ஆறிய பிறகு பார்த்தால், அவர் சொன்னதுதான் சரி. சட்டம் என்றால் புனேயிலும் சென்னையிலும் ஒரே விடை வரவேண்டும். என் விரலும் இன்னொருத்தி விரலும் ஒன்றா?

சல்லடை!

ஆகஸ்ட் 6

ஆட்சேபணை போய்விட்டது. ஒரே ரக உளுந்து, ஊறும் தண்ணீரின் சூடு, ஊறும் நேரம் எல்லாம் நிர்ணயம். மாவைச் சல்லடையில் கழுவி, தங்கும் திப்பி குறிப்பிட்ட எடைக்குள் வந்தால் நிறுத்தவேண்டும். அதுவரை இழுத்த மின்சாரம்தான் கணக்கு. எங்கள் ஆய்வகத்தில் மூன்று பேர் தனித்தனியாகச் செய்து பார்த்தோம், எண் அசையவில்லை.

செப்டம்பர் 25

பதில் இல்லை. வீட்டில் இன்று சப்பாத்தி. ஸ்ரீவத்சன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

2025, பிப்ரவரி 20

அரசிதழில் வந்துவிட்டது! தண்ணீர் போய் உளுந்து வந்திருக்கிறது, சல்லடையோடு. இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஸ்ரீவத்சனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் பெயர் எங்கும் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அழுகை வந்தது, கூடவே சிரிப்பும்.

ஜூலையிலிருந்து அமல்.

ஜூலை 9

புது விதிப்படி என் மேஜைக்கு வந்த முதல் மெஷின் ஜெகதீசனுடையது. ஐந்து நட்சத்திரம் என்று மனசுக்குள் முடிவே செய்திருந்தேன்.

இரண்டு.

திரும்ப ஓட்டினேன். இரண்டேதான். கல் அருமையாக அரைக்கிறது, ஆனால் மோட்டார் கொதித்து மின்சாரத்தை வீணாக்குகிறது. இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போன் செய்ய மனம் வரவில்லை. சாயங்காலம் அவரே வந்துவிட்டார். அறிக்கையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணியில தோத்திருந்தா சட்டத்தைத் திட்டியிருப்பேனுங்க மேடம்" என்றார். "உளுந்துல தோத்துட்டு யாரைத் திட்டறது? மோட்டாரை மாத்தறேனுங்க."

அந்த மோட்டாரை அங்கேயே கழற்றி எடுத்துப்போக, என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டார்.