இடம் வலம் மாறிய விமானம்

அன்புள்ள சுண்டெலிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நாங்கள் இருவரும் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன வாரம் போனில் கேட்டாயே, நான் இங்க வந்த பிறகு நீயும் அப்பாவும் பேசிக்கறீங்களாம்மா, இல்ல ஆளுக்கொரு ரூம்ல உட்கார்ந்திருக்கீங்களா என்று. பேசிக்கிட்டுதான் இருக்கோம் போடி என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நீ போனதிலிருந்து ஏழெட்டு மாதம் ஆளுக்கொரு அறைதான். சண்டையெல்லாம் இல்லை. சண்டை போடவும் ஒரு விஷயம் வேண்டுமே, இருபத்திரண்டு வருஷமாக எங்களுக்கு இருந்த விஷயம் நீதான். அப்பா எந்தக் கட்டடத்திலோ லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு உன் அறையில் விமான மாடலோடு உட்கார்ந்துவிடுவார். நான் பல் செட் செய்கிற லேபிலிருந்து வந்து கூடத்தில் எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். உப்பு போதுமா, போதும். அன்றைய பேச்சு அதோடு சரி. இப்படியே மிச்ச வருஷமும் போய்விடுமோ என்று நானே பயந்தது உண்டு. இப்போது அப்படி இல்லை. எப்படி என்று போனில் சொன்னால் நடுநடுவே சிரித்துக் கெடுப்பாய், அதனால் எழுதுகிறேன்.

அப்பா இரண்டு வருஷமாக வைத்துக்கொண்டு திண்டாடிய அந்தப் பழைய பயிற்சி விமானம் உனக்கு ஞாபகம் இருக்கும். கடையில் கிடைக்கிற மற்ற மாடல் மாதிரி அதில் எல்லாம் தனித்தனியாக வார்த்து வராது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சை அப்படியே கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான் கொடுப்பார்கள். பெட்டியைத் திறந்தால் மாத்திரை அட்டை போலப் புடைத்த இரண்டு வெள்ளைத் தகடு. உடம்பின் இடப்பாதி, வலப்பாதி, இறக்கை, வால். மேலே மூடுகிற கண்ணாடிக் கூட்டுக்கு மட்டும் தனியாக ஒரு தெளிவான தகடு. வெட்டி எடுப்பதும் நம் பாடு, கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து விளிம்பைத் தேய்ப்பதும் நம் பாடு. உள்ளே ஒன்றுமே கிடையாது, வெறும் ஓடு. இருக்கை, தரை, கைப்பிடி, வேகமும் உயரமும் காட்டுகிற மானிகள் எல்லாம் நாமே செய்து வைக்க வேண்டும். அப்பா அந்த ஓடுகளை அழகாகத் தேய்த்து வைத்திருந்தார், உள்வேலையில்தான் மாட்டிக்கொண்டார். ஸ்பேனர் பிடித்த விரலுக்குச் சுண்டுவிரல் நகத்தளவு இருக்கை எங்கே அடங்கும்?

ஒரு நாள் சாயங்காலம் அந்த அறையிலிருந்து சத்தமே வரவில்லை என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் கூடு வெட்டும்போது இரண்டாக உடைந்துபோய், இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் துண்டுகளை வாங்கி மெழுகால் ஒட்டி, உள்ளே பிளாஸ்டர் ஊற்றி, அச்சை மறுநாள் லேபுக்கு எடுத்துப் போனேன். பல்வரிசைக்கு மாட்டுகிற கண்ணாடி உறையை நான் இதே மாதிரி சூடாக்கி உறிஞ்சி தினமும் பத்துப் பதினைந்து எடுக்கிறேன், எனக்கு இது ஒரு வேலையா? முதலாளியம்மா இது யாரோட வாய்டீ என்று கேட்டுவிட்டு மெஷினைக் கொடுத்தார்கள். புதுக் கூட்டை மேஜையில் வைத்தபோது அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்க் கூடத்திலிருந்து இன்னொரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டார். உட்காரு என்று வாயால் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

அதிலிருந்து உள்வேலை முழுக்க என்னுடையது. மெல்லிய தகட்டை நறுக்கி இரண்டு இருக்கை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. பல் கம்பியை வளைத்து ஓட்டுகிற தடி, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைக் கீறி இடுப்பு வார், மானிக்குக் கருப்பு வட்டம் வெட்டி ஊசி முனையால் கோடு போட்டு, மேலே ஒரு துளி நிறமில்லாத நகப்பூச்சு, அது காய்ந்தால் அசல் கண்ணாடிதான். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு வேலை பார்க்கிறேன், இது யாருக்கும் வலிக்காத வேலை என்று தோன்றியது. அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல், மூடிட்டா வெளியே தெரியாது, யாரு பாக்கப் போறா, இதுல போய் இவ்வளவு மெனக்கெடற என்று. நீங்க லிஃப்ட்டுக்கு மேல இருக்கற மோட்டார யாரு பாக்கறா, அதத் துடைக்காம விடறீங்களா என்று நானும் விடவில்லை. அப்பாவின் மாடல் சங்கத்துக் கண்காட்சிப் போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டினோம். புதன்கிழமை முதல் பூச்சு. அப்பா குளிக்கும்போது விசில் அடித்தார், நீ பிறந்த வருஷத்துக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை லேபில் ஒரு அட்டை எழுதிக்கொண்டிருந்தேன், மேல்வரிசை வலது நாலாம் பல் என்று. கை பழக்கப்படி படத்தின் இடது பக்கம் போய்ப் புள்ளி வைத்தது. எங்கள் அட்டையில் வாய் நம்மைப் பார்த்திருக்கும், நமக்கு இடது என்றால் அவர்களுக்கு வலது. வைத்த புள்ளியைப் பார்த்தபடியே பேனாவைக் கீழே போட்டேன். விமானத்தின் வரைபடத்தையும் நான் அப்படித்தானே படித்தேன்! அது ஓட்டுபவர் உட்கார்ந்து முன்னே பார்க்கிற படம், அதில் இடது என்றால் இடதுதான். இருபது வருஷப் பழக்கத்தில் அந்த ஓட்டுபவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, இடது கைக்கு வர வேண்டிய எஞ்சின் நெம்புகோலையும் அதன் குடும்பத்தையும் வலது சுவரில் ஒட்டியிருக்கிறேன். மானிப்பலகையும் அதே கதை.

அன்று நான் சொல்லவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். சங்கத்துத் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர், எல்லா மாடலுக்குள்ளேயும் டார்ச் அடித்துப் பார்ப்பார், அவர் கண்ணில் பட்டே தீரும். ஆனால் எனக்கு அவரைப் பற்றிப் பயமில்லை. இதுக்குத்தான் நான் யாரையும் சேத்துக்கறதில்ல என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த நாற்காலி மறுபடி கூடத்துக்குப் போய்விடும், அதுதான் பயம். பிறகு யோசித்தேன், பத்துப் பேர் நடுவில் டார்ச் வெளிச்சத்தில் அவர் இதைத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நான் என்னத்தைப் பேசப்போகிறேன். வெள்ளிக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார். கூட்டின் வழியாக ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். திரும்பி வந்து, ஏன்டி, அந்த பைலட் உன்கிட்ட பல்லக் காட்ட வந்தான்னு நெனச்சியா என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. அவரே, நானும்தானே பாத்து ஒட்டினேன், எனக்கு மட்டும் கண்ணு பொடனியிலயா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு மெல்லிய ரம்பத்தை எடுத்தார். பூச்சு அடித்த உடம்பை ஒட்டின கோட்டிலேயே அறுத்தார். நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சுவரைத்தான் பிரித்துத் திரும்பச் செய்ய முடிந்தது. போட்டிக்குக் கொடுக்க முடியாது, வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. இரண்டு பாதியையும் ஒரு அட்டைப்பெட்டி மூடியில் வைத்துக் கொண்டுபோய், முடியாத வேலைகளை வைக்கிற மேஜையில் அப்படியே பிளந்து வைத்துவிட்டார். பரிசு ஏதோ போர்க்கப்பலுக்குப் போனது. ஆனால் கூட்டம் நின்றது இங்கேதான், மற்றவர்களுடையது எல்லாம் மூடிக்கிடக்கிறது, இது ஒன்றுதான் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் டார்ச்சை எடுத்தார், தேவையில்லை என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், குனிந்து பார்த்துவிட்டு உள்வேலை யாருது என்று கேட்டார். எங்க வீட்ல, என்று அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். அதோடு விட்டாரா, பல் கதையை மூன்று பேரிடம் சொன்னார், மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அவர் கதையில் நான் பைலட்டுக்குக் கட்டுப்பல்லே செய்து வைத்துவிட்டேன். மானத்தை வாங்காதீங்க என்று முழங்கையால் இடித்தேன், ஆனாலும் சொல்கிறேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, உனக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னாள், நீயும் போன் பண்ணிப் பேசு. உன் அறையில் உன் புத்தகங்களை நகர்த்தவில்லை, பசை வாசனை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, வரும்போது மூக்கைச் சுளிக்காதே. அங்கே வேலையில் யாராவது உன் தப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு, சொல்லும் வரைதான் கஷ்டம்.

நேற்று இரண்டாவது சுவரும் மானிப்பலகையும் முடிந்துவிட்டது. இருக்கை மெத்தை பச்சையா பழுப்பா என்று சாப்பாட்டு வேளை முழுக்கச் சண்டை. கடைசியில் அப்பா, அப்ப நாளைக்கு மூடிடலாமா என்று கேட்டார். இல்லை, பின் இருக்கைக்குப் பக்கத்தில் முதலுதவிப் பெட்டி ஒன்று பாக்கி இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வரைபடத்தை எடுத்து விரித்து விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதில் அப்படி ஒரு பெட்டியே கிடையாது, அது எனக்கும் தெரியும். மடித்து வைத்துவிட்டு, மேப் வைக்கிற பையும் இல்லாமத்தான் இருக்கு, அதையும் செஞ்சிடு, அவசரம் ஒண்ணுமில்ல என்றார்.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனசு நிறைந்து நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். ஞானப்பல் வலிக்கிறது என்றாயே, மாத்திரையைப் போட்டு நாளைக் கடத்தாமல் இந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்குத் தகவல் சொல்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா

(அப்பா பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, மெத்தை பழுப்புதான்னு எழுது என்கிறார். பச்சை.)